நான்கு லிட்டர் இருநூறு

ஞாயிறு காலை ஐந்தேகால்.
யீஷூன் கார்பேட்டை, ஐந்தாம் தளம்.
‘வாகனம் பழுதுபார்க்கக் கூடாது’ என்ற பலகைக்கு
முதுகைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன்,
பலகைக்குக் கண் முன்பக்கம் மட்டும்தான் என்பதுபோல.

வொர்க்‌ஷாப்பில் நூற்றெண்பது வெள்ளி சொன்னார்கள்.
எண்ணெய் நாற்பத்தாறு, ஃபில்டர் ஒன்பது,
வாஷர் எண்பது காசு.
மிச்சம் நூற்றிருபத்துநாலு வெள்ளி இருபது காசு
என் துணிச்சலுக்கு நானே போட்ட சம்பளம்.

“பதினொரு மாசத்துல நசுக்கப்போற வண்டி,
அதுக்குப் புது எண்ணெய் ஒரு கேடா”
என்றார் தேவசகாயம், போர்வைக்குள்ளிருந்து.
உரிமைச் சான்றிதழ் முடிகிற தேதி
எங்கள் கல்யாண நாளைவிட நன்றாக
நினைவிருக்கிறது அவருக்கு.

ஜாக்கி. இரண்டு இரும்பு முக்காலி.
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்த பாயில்
‘உடையக்கூடியது’ என்று அச்சிட்ட பக்கம்
சரியாக என் இடுப்புக்கு வந்தது.

ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.
இதன் முகம் தெரியும், இருக்கையின் கிழிசல் தெரியும்.
அடிவயிற்றை இன்றுதான் பார்க்கிறேன்.
எப்போதோ ஒரு மழையில் மூவாரில் ஒட்டிய செம்மண்
இன்னும் விடாமல் இருக்கிறது,
சுங்கத்தில் காட்டாமல் நான் கொண்டுவந்த ஒரே பொருள்.

எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?
இன்று இரண்டும் நான்தான்.

போல்ட் அசையவில்லை.
மல்லாந்து கிடப்பவளுக்கு இடம் எது, வலம் எது?
மூன்று முறை தப்பான பக்கம் முறுக்கி
இன்னும் இறுக்கியிருக்கிறேன்.
கடைசியில் வாக்குவம் கிளீனரின் குழாயை
ஸ்பேனரில் சொருகி இழுத்தேன்.
டக்.
ஆறாம் தளத்துக்கும் கேட்டிருக்கும்.

பிறகு விரலால் சுற்றச் சுற்ற
கடைசி மரையில் கையை எடுக்கத் தெரியவில்லை.
சூடாய், கறுப்பாய்,
மணிக்கட்டு, முழங்கை, சட்டைக்குள்ளே.
போல்ட் தட்டில் விழுந்து மூழ்கியது.
கிறிஸ்துமஸ் கேக் வேகிற தட்டு அது.
இனி அதில் கேக் கிடையாது.

தேன் நிறத்தில் உள்ளே போனதாம் இது.
சாங்கி சரக்குக் கிடங்குக்கு இரவு ஷிஃப்ட்,
ரேச்சலின் நீச்சல் வகுப்பு,
காஸ்வேயில் நகராமல் நின்ற வெள்ளிக்கிழமைகள்,
யாரிடமும் சொல்லாமல், அழுதுகொண்டே
தீவை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது,
எல்லாம் சேர்ந்தால் இந்த நிறம்.

தரையில் உள்ளங்கையளவு சிந்திவிட்டது.
சுஹைலா வேலைக்குப் போகும் சீருடையில் வந்தாள்.
பலகையைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள்.
வண்டிக்கு வெளியே நீண்ட என் கால்களைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் லிஃப்டில் திரும்பிப் போய்
பூனைக்கு வாங்கிய மணலில்
ஒரு கிண்ணம் கொண்டுவந்து தூவினாள்.
“என் பூனைக்குத் தெரிய வேண்டாம்.”

புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் ஒரு சொட்டு தடவி,
கையால் மட்டும் இறுக்கவும், கருவி வேண்டாம்
என்று பெட்டியில் போட்டிருந்தது.
இன்று யாரும் என்னிடம் இத்தனை கனிவாகப் பேசவில்லை.

நான்கு லிட்டர் இருநூறு.
ஊற்றி, அளவுகம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து,
மறுபடி துடைத்து,
இரண்டு புள்ளிக்கு நடுவில் வந்து நிற்கும்வரை.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு.
ஒன்று,
இரண்டு,
என் பக்கத்துச் சாமி, அவர் பக்கத்துச் சாமி,
மூன்று.
அணைந்தது.

மறுநாள் பழைய எண்ணெயைக் கேனில் கொண்டுபோனேன்
சின் மிங்குக்கு, நூற்றெண்பது சொன்ன அதே கடைக்கு.
வேறு யாரை எனக்குத் தெரியும்?
அவன் பீப்பாயைக் காட்டினான். ஊற்றினேன்.
என் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
“வாஷர் மாத்துனியா?” என்றான்.
மாற்றினேன்.
தலையை ஒருமுறை ஆட்டி
கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரை நீட்டினான்:
அடுத்த மாற்றம், தேதி, கிலோமீட்டர்.

ஆகஸ்ட் என்று எழுதினேன்.
அப்படியானால் சான்றிதழ் முடிவதற்குள்
இன்னும் ஒருமுறை இருக்கிறது.
சரியான பக்கம் முறுக்க.